புஷ்பம் என்று நான் வைத்த பெயர்

பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தேவாலயம். அதன் கீழ்த்தளத்தில் எங்களைப் போல அகதியாய் வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். ஹீற்றருக்கு மேலே காயப்போட்ட கையுறைகளிலிருந்து ஈரக் கம்பளி மணம் வந்துகொண்டிருந்தது. நான் கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் இருந்தேன்.

படிப்பித்தவர் மிஸ் டோரின். நெடிய கறுப்பினப் பெண்மணி. அவருடைய பூட்டியின் தாய் அமெரிக்காவின் தெற்கே அடிமையாய் இருந்து, தப்பி ஓடி, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அழுகையும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. நாங்கள் 'அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு மாற்றலாகி வந்தவர்' என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று இறந்தகாலம், எதிர்காலம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, அடிமை முறையை ஒழிப்பதற்காக எழுதிய பெண்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றார். பக்கத்தில் இருந்த கௌரி அக்கா முழங்கையால் என்னை இடித்தார்.

"கவனமாய்க் கேளடி. எங்கட புத்தகத்துக்கு உதவும்."

கௌரி அக்கா எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடி. பெண்களுக்கென்று ஒரு சிறு சஞ்சிகை நடத்திக்கொண்டிருந்தார். நடத்தினார் என்றால், தானே எழுதி, தானே கொம்பியூட்டரில் தட்டி, தானே ஸ்ரேப்ளர் அடித்து, தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். 'எங்கட புத்தகம்' என்று அவர் சொன்னதில் அதுவரை எனக்கு ஒரு பங்கும் இருக்கவில்லை.

சீனி இல்லாத தேத்தண்ணி

அந்தக் காலத்தில் பெண்களுக்கு வாக்கு இல்லை. கூட்டத்தில் எழும்பிப் பேசினால் மரியாதை கெட்டவள் என்பார்கள். அதனால் அவர்கள் எழுதினார்கள் என்றார் மிஸ் டோரின். சின்னச் சின்னப் பிரசுரங்கள், பாட்டுகள், பிள்ளைகளுக்கான கதைகள் என்று எழுதி, வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் சில பெண்கள், அடிமைகள் விளைவித்த சீனியைத் தேநீரில் போடவேண்டாம் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தார்களாம்.

"சீனி இல்லாமல் தேத்தண்ணியோ!" கௌரி அக்கா வாய்விட்டே சொல்லிவிட்டார். "உவையை ஒருக்கா எங்கட ஆக்களிட்டை அனுப்பவேணும். நாட்டை விடு எண்டால் விட்டிட்டு வருவினம். சீனியை விடு எண்டால் அடிக்க வருவினம்."

நாங்கள் இரண்டு மூன்று தமிழ்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தமிழ் தெரியாத சோமாலியப் பெண்களும் சிரித்தார்கள். கௌரி அக்காவின் முகத்தைப் பார்த்தாலே போதும், மொழி தேவையில்லை.

மிஸ் டோரின் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். பிறகு சொன்னார்: எழுதிய பெண்களில் இரண்டு வகை. தங்கள் வீட்டு மேசையில் இருந்துகொண்டு, கண்ணால் காணாத துன்பத்தைப் பற்றி எழுதிய சீமாட்டிகள் ஒரு வகை. அடிமையாய்க் கிடந்து, தப்பி வந்து, பிறகு எழுதியவர்கள் மற்ற வகை.

தப்பி வந்த ஒருத்தி எழுதியதில் ஒரு பக்கத்தை வாசித்தார். எனக்கு அரைவாசிதான் விளங்கியது. வாசித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னதுதான் முழுக்க விளங்கியது. "இந்தப் பெண் தன்னுடைய பெயரைப் போடவில்லை. இதில் வருகிற எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டாள். அங்கே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று."

விட்டுவிட்டு வந்தவர்கள். வகுப்பு முடியமுதலே எழும்பி வெளியே வந்து, பனியில் நடந்தேன். கௌரி அக்கா பின்னால் கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை.

பெரிய மரியம், சின்ன மரியம்

இதை வாசிக்கிற உங்களில் கனபேருக்கு என்னைத் தெரியும். திரேசா அன்ரி கனடாவுக்கு வரமுதல் கொழும்பில் தையல் வேலை செய்தவ என்றுதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது என் மனுசன் அன்ரன், கலியாண நேரம் தன் வீட்டாருக்குச் சொன்ன கதை. என்னில் உள்ள பட்சத்தால் சொன்னது, பாவம். எனக்குத் தையல் ஊசியில் நூல் கோர்க்கவே பொறுமை இல்லை.

நான் வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாய் இருந்தவள். 'மிடில் ஈஸ்ட் போனவள்' என்று சொல்லும்போது எங்கள் சனத்துக்கு வாய் ஒரு பக்கமாய்க் கோணும். போனவள் அனுப்பிய சீலையை உடுத்திக்கொண்டே கோணும். எனக்கு அதை நினைக்க இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.

அந்த வீட்டில் எனக்கு முன்னர் வேலை செய்தவளின் பெயர் மரியம். அதனால் நானும் மரியம். கொஞ்சக் காலத்தில் இன்னொருத்தி வந்தாள். அவளும் மரியம். மேடத்துக்குப் புதுப் பெயர் பழகப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். நான் பெரிய மரியம், அவள் சின்ன மரியம் என்றாகிவிட்டது.

அவளுடைய பாஸ்போர்ட்டில் ராணி என்று இருந்தது. ஏஜென்சிக்காரன் வயதைக் கூட்டி, பெயரையும் மாற்றி எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட். சொந்தப் பெயர் காமாட்சி. ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்த நாட்டில் அவளுடைய உண்மையான பெயர் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பாஸ்போர்ட்டுகள் மேடத்தின் அலுமாரிக்குள் இருந்தன. வெளிக்கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு எங்களிடம் இல்லை. அடிமை என்ற சொல் அப்போது என் வாயில் வந்ததே இல்லை. வீட்டு வேலை என்போம். கொஞ்சம் கஷ்டமான இடம் என்போம்.

உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்குப் போகும்போதுதான் வாய் திறந்து கதைக்கலாம். கொடிக்கம்பி கையைச் சுடும். சவர்க்கார மணமும் புழுதி மணமும் கலந்து வீசும். காமாட்சி ஈரப் போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு குரல் கொடுப்பாள்.

"யக்கா, எம் பேரச் சொல்லுங்க."

"என்னத்துக்கடி?"

"மறந்து போயிருமோன்னு பயமா இருக்குக்கா. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

"காமாச்சி" என்பேன். "ஆங்" என்று வருவாள். பிறகு என் முறை. "தெரசாக்கா" என்று அவள் கூப்பிடுவாள். திரேசா என்று திருத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. விட்டுவிட்டேன். அந்த வீட்டில் பகல் முழுக்க மரியம் மரியம் என்று கேட்ட காதுக்கு, தெரசாக்காவே தேன்தான்.

என்னுடைய பேச்சைக் கேட்டாலும் அவளுக்குச் சிரிப்பு. "கதைக்கிறன் கதைக்கிறன்னு சொல்றீங்க, ஒரு கதையும் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்று பகிடி பண்ணுவாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். கீழே கேட்டுவிடும்.

ஒருநாள் மேடத்தின் தங்கை கைக்குழந்தையோடு வந்துவிட்டுப் போனார். நான் பின்முற்றம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் சின்ன மரியத்தைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். "தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார் மேடம். அதே காரில் பழைய தொட்டில் ஒன்றும் போயிருந்தது.

எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. கேட்டதற்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. பிறகு என் ஒப்பந்தம் முடிந்து என்னை அனுப்பினார்கள். மன்னாருக்கு வந்தேன். அங்கே சண்டை. அன்ரனைக் கட்டினேன், கனடா வந்தேன். சப்வேயில் யாராவது ஒரு பிள்ளை "அக்கா" என்றால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன். என்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்தபிறகும் நெஞ்சு அடங்கச் சற்று நேரமாகும்.

மிஸ் டோரினிடம் கேட்டது

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கமுதலே கையைத் தூக்கினேன். என் ஆங்கிலம் நொண்டி நொண்டித்தான் வரும். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"மிஸ், அந்தப் பெண் எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டாள் என்றீர்கள். அப்படியென்றால் அங்கே நிற்கிறவளுக்கு, இது தன்னைப் பற்றித்தான் என்று எப்படித் தெரியும்?"

மிஸ் டோரின் சோக்கட்டியை வைத்துவிட்டார். "அங்கே இருந்தவர்கள் பலருக்கு எழுத்துப் படிக்கவே விடவில்லை" என்றார். "யாராவது ஒளித்து வாசித்துக் காட்டினால்தான் உண்டு. தெரிந்ததோ இல்லையோ எனக்கும் தெரியாது."

அது ஒரு பதிலா? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பாவம், அவர் பொய் சொல்லவில்லை. தன்னுடைய பூட்டியின் தாய்க்கும் ஒரு தங்கை இருந்தாள், அவளைப் பற்றி ஒரு சொல்லும் பிறகு வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

வகுப்பு முடிந்து எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் கௌரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னடி உனக்கு? போன கிழமை ஓடினாய், இந்தக் கிழமை சண்டை பிடிக்கிறாய்." அவருடைய ஏழாம் மாடியும் போய், எங்களுடைய மாடியும் போய், உச்சிக்குப் போய் இறங்கி வரும்வரை காமாட்சியின் கதையைச் சொன்னேன். சனம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"எழுது" என்றார் கௌரி அக்கா.

வன்னிக்குப் போன காமாட்சி

எழுதினேன். சமையலறை மேசையில், அன்ரன் ரெஸ்ரோரன்ற் வேலைக்குப் போன பிறகு எழுதினேன். காமாட்சி என்று வந்த இடமெல்லாம் கையெழுத்து வடிவாய் இருக்கும். எனக்கு அவளோடு இருப்பதுபோல இருந்தது. அத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாய் நான் இருந்ததில்லை என்றே சொல்வேன்.

அன்ரன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனால் உன்ர பேரைப் போடாதை. தங்கச்சிக்கு இப்பத்தான் ஒரு இடத்திலை பேசிக்கொண்டிருக்கு. அண்ணி மிடில் ஈஸ்டிலை நிண்டவ எண்டு தெரிஞ்சால் குழம்பிப்போகும்."

"நான் களவெடுத்தனானே?"

"நீ களவெடுக்கேல்லை. சனத்தின்ர வாயை நான் எப்பிடி மூடுறது?"

சரி, என் பெயர் போகட்டும் என்று விட்டேன். 'ஒரு பெண்' என்று போடச் சொன்னேன். ஆனால் கௌரி அக்கா அதோடு நிற்கவில்லை.

"அந்தப் பிள்ளையின்ர பேரும் போடேலாது. ஏஜென்சிக்காரருக்கு இஞ்சையும் ஆக்கள் இருக்கினம். கதை போய்ச் சேர்ந்தால் அவளைத்தான் போட்டு உலுப்புவினம். ஊரையும் மாத்து. ஹட்டன் எண்டால் பிடிச்சிடுவினம். வன்னி எண்டு போடு."

"அக்கா, எல்லாத்தையும் மாத்தினால் அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாட்டிப் பரவாயில்லை. உயிரோடை இருக்கட்டும்."

வன்னியில் மாங்குளத்துப் பக்கம் என்று எழுதினேன். பெயருக்கு எங்கே போவது? எங்கள் ஊர்களில் தடக்கி விழுந்தால் ஒரு புஷ்பத்தில்தான் விழவேண்டும். புஷ்பம் என்று வைத்தேன். ஏற்கெனவே மரியமும் ராணியுமாய் அலைந்த பிள்ளைக்கு நானும் ஒரு பெயர் வைத்தேன். காமாட்சி என்று இருந்த ஒவ்வொரு இடத்தையும் வெட்டி வெட்டி மேலே எழுதும்போது எனக்கு அழுகை அழுகையாய் வந்தது.

புத்தகம் வெளிவந்தது. கடைகளில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. பின்பக்கத்தில் கௌரி அக்காவின் ரெலிபோன் நம்பர் இருந்தது.

ஒஷாவாவிலிருந்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. ஒரு வயதான அம்மாவின் குரல். கௌரி அக்காதான் நம்பர் கொடுத்ததாகச் சொன்னார்.

"உது, புத்தகத்திலை எழுதின பிள்ளையோ?"

"ஓம் அம்மா."

"நான் ஒஷாவாவிலை, மகனோடை இருக்கிறன். மருமகள் வாசிச்சுக் காட்டினவள். ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டனான்." மூச்சு வாங்குவது கேட்டது. "என்ர புஷ்பத்தைக் கண்டனீங்களோ பிள்ளை?"

மாக் கையாலேயே ரெலிபோனைக் காதோடு இறுக்கிப் பிடித்தேன்.

"மாங்குளத்தடிதான் எங்கட இடமும். ஏஜென்சிக்காரன் ஒருத்தன் வந்து கூட்டிக்கொண்டு போனவன். முதல் கொஞ்சக் காலம் கசற்றிலை பேசி அனுப்பினவள். பேந்து ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் எழுதினதெல்லாம் அவளின்ர பழக்கம்தான். உடுப்புக் கொடிக்குப் பின்னாலை நிண்டு கதைக்கிறது. சின்னனிலையும் அப்பிடித்தான், முகத்தைக் காட்டமாட்டாள்."

நான் வாயைத் திறக்கமுதல் அடுத்த கேள்வி வந்தது.

"அவள் சோறு திண்டவளோ? அதைத்தான் நீங்கள் எழுதேல்லை."

கடவுளே, என்னத்தைச் சொல்ல? ஓம் என்று ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த மனுசி அன்றைக்கு நிம்மதியாய்ப் படுத்திருப்பார். ஆனால் நாளைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு, எந்த ஊர், எந்த வீடு என்று வந்து நிற்பார். நான் எந்த வீட்டைக் காட்டுவது?

"அம்மா, அது உங்கட பிள்ளை இல்லை. அவளின்ர பேர் காமாட்சி. மலையகத்துப் பிள்ளை. பேரையும் ஊரையும் மாத்தினது நான்தான்."

அந்தப் பக்கம் பின்னால் ரீவியும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

"ஏன் மாத்தினனீங்கள்?"

"அவளுக்கு ஆபத்து வரக்கூடாதெண்டு."

"உலகத்திலை எத்தினையோ பேருகள் கிடக்கேக்கை, என்ர பிள்ளையின்ர பேரைத்தானோ..."

நான் அழத் தொடங்கிவிட்டேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. கௌரி அக்காவிட்டைச் சொல்லி, அடுத்த புத்தகத்திலை பேரை மாத்தி ஒரு திருத்தம் போடச் சொல்லுறன்."

"வேண்டாம்!" அத்தனை நேரமும் இல்லாத வேகம் அந்தக் குரலில். "அந்தப் பேரை எடுக்காதேங்கோ பிள்ளை. அப்பிடியே கிடக்கட்டும். உந்தப் புத்தகத்திலையெண்டாலும் என்ர பிள்ளைக்குப் பக்கத்திலை ஒரு அக்கா நிண்டவ."

அன்ரன் வேலையால் வந்தபோது நான் மாவும் கையுமாய்த் தரையில் இருந்தேன். பிட்டு அவியவில்லை. அன்றைக்குக் கடைப் பாணை வெட்டித்தான் சாப்பிட்டோம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா ரெலிபோன் எடுப்பார். மகன் வீட்டுப் புதினம், காலநிலை, முழங்கால் நோ எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார். "புஷ்பம் வேறை என்ன சொன்னவள்?"

நான் காமாட்சி சொன்னதைச் சொல்வேன். தோட்டத்துக் குளிரை மட்டும் மாங்குளத்து வெயிலாய் மாற்றிச் சொல்வேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மெய்யும் பொய்யுமாய்ச் சில வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு பிள்ளைகளையும் இப்படித்தான் வைத்துப் பார்த்தோம். சோறு திண்டவள் என்று ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொன்னேன். அதில் பொய் இல்லை. காமாட்சி என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்தும் எடுத்துத் தின்பாள்.

அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிவரும் தொடருக்கு இந்த அத்தியாயத்தைக் கொடுத்தபோது, பத்திரிகை நடத்துகிற தம்பி போனில் கேட்டார், பெயர்களை மாற்றிவிடட்டுமா அன்ரி என்று. வேண்டாம் தம்பி என்றேன். அன்ரனின் தங்கச்சி பேரப்பிள்ளை கண்டுவிட்டா. அந்த மேடம் இருந்தாலும் கிழண்டிப்போயிருப்பார். காமாட்சியும் நடுவயது தாண்டியிருப்பாள். இன்னும் யாருக்குப் பயந்து ஒளிக்க?

ஆகவே கேளுங்கள். அவளுடைய பெயர் காமாட்சி. பாஸ்போர்ட்டில் ராணி. ஹட்டனுக்கு மேலே தோட்டம். இடது புருவத்தில் வெட்டுக் காயத் தழும்பு. அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். திரேசா தேடுகிறாள் என்று சொல்லுங்கள். தெரசாக்கா என்று சொன்னால்தான் விளங்கும்.

இன்னொருத்தியும் இருக்கிறாள். மாங்குளத்துப் பக்கம். முகத்தைக் காட்டாமல் கொடிக்குப் பின்னால் நின்று கதைப்பாளாம். பெயர் புஷ்பம். இந்தப் பெயரை வைத்தது நானில்லை, அவளைப் பெற்ற தாய்.